முதல் ஹாம் லைசென்ஸ் எடுக்கணும், எந்த ஹேண்டி வாங்கலாம்?

கடைமடை

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமம். தென்னையும் கொஞ்சம் நெல்லும்தான் பிழைப்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தபோது எங்கள் பக்கம் தென்னை மட்டும் சாயவில்லை, செல்போன் கோபுரங்களும் சேர்ந்து சாய்ந்தன. பேராவூரணியில் இருந்த அக்கா குடும்பம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள, விழுந்த மரங்களுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது யாரோ சொன்னதுதான் இந்த ஹாம் ரேடியோ, அதாவது செல் கோபுரம் இல்லாமலே தனியாட்கள் சொந்தச் செட்டில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலி. மனசில் தங்கிவிட்டது, ஆனால் இத்தனை வருஷம் ஒன்றும் செய்யவில்லை.

இப்போது எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் யூடியூப்பில் பார்த்துவிட்டு, "அப்பா, நாம ரெண்டு பேரும் எழுதலாம்" என்கிறான். என் கேள்விகள்:

லைசென்ஸுக்கு எங்கே ஆரம்பிப்பது? பையன் எழுத வயது போதுமா? மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாக ஒலியில் செய்தி அனுப்புவது, கட்டாயமா? முதல் ஹேண்டி (கையில் பிடித்துப் பேசும் சின்ன செட்) எது வாங்கலாம்? ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய் முதல் இருபதாயிரம் வரை கிடக்கிறது. விவசாயிக்குக் கட்டுபடியாகிற மாதிரி சொல்லுங்கள்.

---

சேர்வராயன்

வாங்க அண்ணே. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாவோஃபெங் யுவி-5ஆர் வாங்குங்க. நம்ம ஊரில் முக்கால்வாசிப் பேர் அதில்தான் ஆரம்பித்தோம். கெட்டுப்போனாலும் அழுகை வராது. இரண்டாயிரம் சொச்சம்தான்.

---

எழுபத்துமூன்று

சேர்வராயன் தம்பி, அவரிடம் லைசென்ஸே இல்லை. அதற்குள் ஏன் செட்டை வாங்கச் சொல்கிறீர்கள்?

கடைமடை, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் நாட்டில் அமெச்சூர் அலைவரிசையில் பேசும் கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். பேசினால்தான் தப்பு, பீரோவில் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்குகிற மாதிரி வாக்கி டாக்கிகளைப் பட்டியல் போட்டு விற்றதால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. உங்கள் லைசென்ஸ் நகலைக் கேட்காமல் செட்டை நீட்டுகிற கடைக்காரர் நல்ல கடைக்காரர் இல்லை.

லைசென்ஸ் இல்லாமல் பேச அனுமதி உள்ளது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள துண்டில், அரை வாட்டில். அதற்கென்றே செய்த குட்டி செட்கள் உண்டு. தோப்புக்கும் வீட்டுக்கும் பேச அது போதும். ஆனால் அது ஹாம் இல்லை.

இனி நடைமுறை. இது இரண்டு படி. பலர் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள். தேர்வில் தேறினால் கிடைப்பது ஏஎஸ்ஓசி என்ற சான்றிதழ். அதாவது நிலையத்தை இயக்கத் தெரிந்தவர் என்பதற்கான சான்று. அதை வைத்துத் தனியாக விண்ணப்பித்தால்தான் கால்சைனோடு, அதாவது காற்றில் நம்மை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயரோடு, லைசென்ஸ் வரும். இரண்டுமே தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தருவது. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். சான்றிதழ் கைக்கு வந்தவுடன் மைக்கைப் பிடிக்கக் கூடாது. கால்சைன் வந்த பிறகுதான்.

ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. ரெஸ்ட்ரிக்டட் என்றால் வியூ3 என்று தொடங்கும் கால்சைன், ஜெனரல் என்றால் வியூ2. ரெஸ்ட்ரிக்டட்டுக்கு மோர்ஸ் கிடையாது. ஜெனரலுக்கு நிமிஷத்துக்கு 8 சொல் வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் வேண்டும். 12 வயது முடிந்தால் எழுதலாம், ஆகவே உங்கள் பையன் தாராளமாக எழுதலாம். லைசென்ஸ் கட்டணம் 20 வருஷத்துக்கு 1000 ரூபாய், ஆயுளுக்கு 2000. பையனுக்கு ஆயுள் லைசென்ஸ் எடுப்பதுதான் லாபம். எனக்கு இந்த வயதில் எது லாபம் என்று கேட்காதீர்கள்.

---

கடைமடை

ரொம்ப நன்றி ஐயா. ஆயுள் லைசென்ஸ் என்றால் பையன் குதிப்பான். தேர்வு கஷ்டமா? நான் பத்தாவதோடு நிறுத்தினவன். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான்.

---

மோர்ஸ்மீனா

அண்ணா, நான் பி.காம் படித்தவள். ஓம் விதி என்றால் என்னவென்றே தெரியாமல் ஆரம்பித்தேன். அதனால் பயப்படாதீர்கள்.

கேள்வித்தாளில் இரண்டு பகுதி. ஒன்று ரேடியோ அடிப்படை: மின்தடைகளைத் தொடரிலும் பக்கத்திலும் இணைத்தால் என்ன ஆகும், ஏசி, டிரான்சிஸ்டர், சூப்பர்ஹெட்ரோடைன் ரிசீவர் எப்படி வேலை செய்கிறது, அயனி மண்டலம், ஆன்டெனா. இன்னொன்று விதிமுறைகள்: க்யூ கோடு (க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்), எழுத்துகளை உச்சரிக்கும் முறை, லாக் புத்தகம் (பேசியதைப் பதியும் நோட்டு), ஆபத்து அழைப்பு. ரெஸ்ட்ரிக்டட்டில் ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஒன்றில் நூறு வாங்கி இன்னொன்றில் கோட்டை விட்டால் தேற முடியாது. கணக்கு வரவில்லை என்று விதிமுறையை மட்டும் உருப்போடுகிறவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள்.

கணக்கும் பயப்படும்படி இல்லை. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 145-ல் வகுத்தால் 2.07. அதனால்தான் அந்தப் பட்டைக்கு 2 மீட்டர் என்று பெயர். இந்த ஒரு வகுத்தல் பிடிபட்டுவிட்டால் ஆன்டெனா கேள்விகளில் பாதி முடிந்த மாதிரி.

எழுத்து உச்சரிப்புக்கு நான் செய்தது இதுதான். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கண்ணில் படுகிற வண்டி நம்பரையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். உங்கள் ஊர் வண்டி என்றால் டிஎன் 49. டேங்கோ, நவம்பர், ஃபோர், நைனர். பின்னால் ஏகே என்றால் ஆல்ஃபா, கிலோ. பையனோடு வண்டியில் போகும்போது போட்டி போடுங்கள், சின்னப் பசங்க நம்மை முந்திவிடுவார்கள்.

க்யூ கோடில் தினமும் காதில் விழுவதை முதலில் பிடியுங்கள். க்யூடிஹெச் என்றால் இருக்கும் இடம். க்யூஎஸ்எல் என்றால் கிடைத்தது. க்யூஆர்எம் அடுத்தவர் தரும் இடைஞ்சல், க்யூஆர்என் இயற்கை தரும் இடைஞ்சல், அதாவது இடி மின்னல். க்யூஎஸ்ஒய் என்றால் வேறு அலைவரிசைக்குப் போவது. மாற்றிப்போட்டுக் கேட்பார்கள் என்பதால் க்யூஆர்எம்மையும் க்யூஆர்என்னையும் தனியாக எழுதிப் பாருங்கள்.

ஹைதராபாத்தில் 1983 முதல் இயங்குகிற என்ஐஏஆர் நிறுவனத்தின் பாடக்குறிப்புகள் எளிமையாக இருக்கும். அதில் ஆரம்பியுங்கள்.

---

கொக்கிக்கம்பி

கூடவே இதையும் செய்யுங்க. நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு ரிசீவரை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. வெப்எஸ்டிஆர் என்று பெயர். செல்போனிலேயே கேட்கலாம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 7 மெகாஹெர்ட்ஸுக்கும் 14 மெகாஹெர்ட்ஸுக்கும் போங்க. கால்சைன் எப்படிச் சொல்கிறார்கள், ஒருத்தர் முடித்ததும் எவ்வளவு நேரம் விட்டு அடுத்தவர் பேசுகிறார், சிக்னல் ரிப்போர்ட் எப்படித் தருகிறார்கள், எல்லாம் தானாகப் படிந்துவிடும். செலவு டேட்டா மட்டும்தான்.

---

சேர்வராயன்

ஐயா சொன்னது சரி, நான் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் செட் விஷயத்தில் என் கட்சி மாறாது. புதுசாக வருகிறவருக்கு யேசு எஃப்டி-65 வாங்கு, ஐகாம் வாங்கு என்று நாலைந்து மடங்கு செலவு வைப்பது அநியாயம். யுவி-5ஆர் இரண்டு பட்டையும் பேசும், 4, 5 வாட் தரும், பேட்டரி, ஆன்டெனா, இயர்போன் எல்லாம் மூலைக்கு மூலை கிடைக்கும். அதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் குவான்ஷெங் யுவி-கே5. அதில் யுஎஸ்பி-சி சார்ஜிங் உண்டு, பவர் பேங்கில் போட்டுவிடலாம். கஜா மாதிரி நேரத்தில் இதுதானே வேண்டும்?

---

கொக்கிக்கம்பி

விலையில் உங்கள் பக்கம்தான். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடணும்.

யுவி-5ஆர் நீங்கள் 145-ல் பேசும்போது 290-லும் 435-லும் கொஞ்சம் சேர்த்துக் கத்தும். மடங்கு அலைவரிசைகளில் இப்படிக் கசிவதற்கு ஹார்மோனிக் என்று பெயர். அமெரிக்காவில் ஏஆர்ஆர்எல் என்ற ஹாம் சங்கத்தின் ஆய்வகம் சோதித்தபோது பல செட்கள் அங்குள்ள வரம்பைத் தாண்டின. எல்லாமே மோசம் என்று இல்லை, ஒரு லாட் நன்றாக இருக்கும், அடுத்த லாட் கழிசடையாக இருக்கும். அதுதான் பிரச்சினையே.

இரண்டாவது, அதன் ரிசீவர். கிராமத்தில் சமாளித்துவிடும். ஆனால் தஞ்சாவூர், திருச்சி மாதிரி ஊரில் ஒரு எஃப்எம் கோபுரத்துக்கோ செல் கோபுரத்துக்கோ பக்கத்தில் போய் நின்றால் காது அடைத்துவிடும். பெரிய ஆன்டெனாவை மாட்டினால் இன்னும் மோசமாகும். யேசு அங்கே தாங்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தச் சீன செட்கள் 136 முதல் 174 வரை, 400 முதல் 480 வரை, அதற்கு மேலும் எங்கே வேண்டுமானாலும் பேசும். நமக்கு அனுமதி 144 முதல் 146, அப்புறம் 434 முதல் 438. அவ்வளவுதான். வெளிநாட்டு வீடியோவில் 430-லிருந்து 440 வரை என்று காட்டுவார்கள், அமெரிக்கக்காரர் 147-ல் பேசுவார். அதைப் பார்த்துவிட்டு இங்கே அமுக்கினால் போலீஸ் சேனலிலோ வேறு எங்கோ போய் நிற்பீர்கள். வாங்கியதும் முதல் வேலையாகச் சிர்ப் மென்பொருளில் போட்டு, பேசும் எல்லையை இந்த இரண்டு துண்டுக்கும் சுருக்கிவிடுங்கள். பையன் கையில் தரப்போகிறீர்கள் என்றால் இது கட்டாயம்.

---

எழுபத்துமூன்று

கொக்கிக்கம்பி சொன்ன மூன்றாவது விஷயத்தைக் கட்டம் கட்டிப் போட வேண்டும்.

ஆனால் நான் கேட்க நினைத்தது வேறு. கடைமடை, உங்களுக்கு எதற்காக ரேடியோ? பேராவூரணி அக்கா வீட்டோடு பேசவா, தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸுக்குச் செய்தி சொல்லவா, சென்னைக்கா? பதிலைப் பொறுத்து நீங்கள் வாங்க வேண்டிய பெட்டியே மாறிவிடும்.

---

கடைமடை

மூன்றும்தான் ஐயா! முதலில் பேராவூரணி. எங்கள் ஊரிலிருந்து நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குள்தான் வரும். விளம்பரத்தில் பதினைந்து கிலோமீட்டர், முப்பது கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்களே, அப்போது ஒரு ஹேண்டி போதாதா?

---

கொக்கிக்கம்பி

அந்த விளம்பரத்தை அப்படியே கசக்கிப் போடுங்க அண்ணே.

விஹெச்எஃப், யுஹெச்எஃப் (ஹேண்டி பேசும் 145, 435 பக்கத்து அலைகள்) எல்லாம் பார்வைக் கோட்டில்தான் போகும். பூமி வளைந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். தரையில் நின்று கையில் பிடித்தால் உயரம் ஒன்றரை மீட்டர், அடிவானம் 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் 5. காகிதத்தில் 10. ஆனால் நடுவில் உங்கள் தென்னந்தோப்பு, ஓட்டு வீடு, ஈரமான மட்டை எல்லாம் இருக்கிறதே. நிஜத்தில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓடினால் அதிர்ஷ்டம்.

இப்போது மொட்டை மாடியில் ஒரு குழாயை நட்டு ஆன்டெனாவை 9 மீட்டருக்கு ஏற்றுங்க. 9-ன் வர்க்கமூலம் 3. அடிவானம் 12 கிலோமீட்டர் சொச்சம். அக்கா வீட்டிலும் அதே 9 மீட்டர் என்றால் கூட்டிப் பாருங்க, 24-க்கு மேல். பேராவூரணி அடங்கிவிட்டது. அதே 5 வாட், அதே செட். உயரம் மட்டும்தான் மாறியது.

5 வாட் செட்டுக்குப் பதில் 8 வாட் செட் வாங்கினால் கூடுவது 2 டெசிபல். சிக்னல் மீட்டரில் ஒரு கோடுகூட நகராது. அந்தக் காசை ஆன்டெனாவில் போடுங்க.

---

கடைமடை

இது தெளிவாகப் புரிந்தது. ஆனால் அக்கா வீட்டிலும் ஒருத்தர் லைசென்ஸ் எடுக்க வேண்டுமே?

---

எழுபத்துமூன்று

ஆமாம். அந்த முனையில் பேசுகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை அடுத்தவரைப் பிடித்துத் தேர்வு எழுத வைப்பதுதான். அக்கா பிள்ளைகள் யாராவது கல்லூரி படிக்கிறார்களா பாருங்கள்.

---

கடைமடை

மருமகன் பாலிடெக்னிக் படிக்கிறான். பிடித்துவிடுகிறேன்.

---

சேர்வராயன்

மலை மேல் ரிப்பீட்டர், அதாவது நம் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம், இருந்தால் இந்த உயரக் கவலையே வேண்டாமே? எங்கள் சேலத்தில் ஏற்காட்டைப் பார்த்து அமுக்கினால் போதும், ஹேண்டியே தாராளம்.

---

கொக்கிக்கம்பி

உங்களுக்கு மலை வீட்டு வாசலில் நிற்கிறது. டெல்டாவுக்கு வந்து பாருங்க.

ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். கணக்குப் போட்டால் 160 கிலோமீட்டர். கடைமடையின் மாடி 12-ஐச் சேர்த்தாலும் 172. ஆனால் பட்டுக்கோட்டை அங்கிருந்து 190 கிலோமீட்டர் பக்கம். எட்டாது. கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம், ஆனால் தூரமும் 200. விளிம்பில் நிற்கும். கொல்லிமலை கணக்குப்படி எட்டும், ஆனால் மாடியில் ஒரே திசையைக் குறிவைக்கும் நல்ல யாகி ஆன்டெனா வேண்டும், ஹேண்டியின் ரப்பர் குச்சி உதவாது. அதனால் எந்தச் செட் என்று முடிவு செய்வதற்கு முன்னால் திருச்சி, தஞ்சாவூர் பக்கத்து ஹாம் ஆட்களைப் பிடித்து, எந்த ரிப்பீட்டர் உயிரோடு இருக்கிறது, அதன் டோன் (ரிப்பீட்டரைத் திறக்கப் பேச்சோடு சேர்த்து அனுப்பும் மெல்லிய ஒலி) என்ன என்று கேளுங்க. இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் செத்துப்போன ரிப்பீட்டர்கள் ஏராளம்.

---

வடமராட்சி

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணம். இடையில் புகுந்ததுக்குக் குறை நினைக்க வேண்டாம்.

உங்கட கரையில எங்கட எஃப்எம் வானொலிகள் வடிவாகக் கேட்கும் என்று அங்கத்தையச் சனம் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறன். காரணம் நடுவில் கடல் மட்டும்தான், மறைக்க ஒன்றும் இல்லை. சில நாட்களில் கடலுக்கு மேல் சூடான காற்று அடுக்கு ஒன்று நிற்கும். அப்ப விஹெச்எஃப் அலை அடிவானத்தோட நிற்காமல் வளைந்து வளைந்து தூரத்துக்குப் போகும். அந்த நேரம் 2 மீட்டரில் அக்கரை ஆட்களோட கதைக்கலாம். ஆனால் அதை நம்பி அவசரகாலத் திட்டம் போட ஏலாது, வரும், போகும்.

இங்கே அனுமதி தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. எங்கட கால்சைன் 4எஸ் என்று தொடங்கும். கால்சைன் கிடைச்ச பிறகு கடற்கரைப் பக்கம் ஒருக்கா வந்து கூப்பிடுங்கோ.

---

கடைமடை

ஆகா! இலங்கை எஃப்எம் இங்கே நன்றாகவே கேட்கும் தம்பி. அதிராம்பட்டினம் கரையில் நின்று கட்டாயம் கூப்பிடுகிறேன்.

---

எழுபத்துமூன்று

சரி, இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். சேர்வராயன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

புயலுக்காக என்றால் ஹேண்டி இரண்டாவது செட்தான். முதல் செட் 40 மீட்டர் பட்டைக்கு இருக்க வேண்டும், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ். அந்த அலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு அப்படியே கீழே இறங்கும். கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி, உங்களைச் சுற்றி முந்நூறு, நானூறு கிலோமீட்டர் வட்டத்தில் மழை மாதிரி விழும். மலை வேண்டாம், ரிப்பீட்டர் வேண்டாம், கோபுரம் வேண்டாம். பகலில் தஞ்சாவூர், திருச்சி, மதுரை, சென்னை எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான். இரவில் 7 கைவிட்டால் 80 மீட்டர் பட்டைக்கு இறங்க வேண்டும்.

ஆன்டெனா செலவு? 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20 மீட்டர். அந்த நீளத்துக்கு வயரிங் கடையில் கிடைக்கும் சாதாரணச் செம்புக் கம்பி, நடுவில் வெட்டி கேபிளை இணைக்க வேண்டியது, இரண்டு முனையிலும் நைலான் கயிறு. இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிவிடலாம். ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸிலேயே ஹெச்எஃப்பில், அதாவது இந்த 40, 80 மீட்டர் பட்டைகள் அடங்கும் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் பகுதியில், 50 வாட் வரை அனுமதி உண்டு, இதற்கு அது தாராளம். ஜெனரலுக்கு 400.

2004 சுனாமி அன்று பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. வேறொரு வானொலி நிகழ்வுக்காகப் போனவர்கள். தீவில் மற்ற தொடர்புகள் அறுந்தபோது அந்தமானுக்கும் தலைநிலத்துக்கும் நடுவே செய்தி போனது அவர்களுடைய ஹெச்எஃப் செட்களில்தான். ஹேண்டியால் கடலைத் தாண்டியிருக்க முடியாது.

---

சேர்வராயன்

ஐயா, கஜாவில் தென்னையே நிற்கவில்லை என்று அவர் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். நீங்கள் தென்னையில் ஆன்டெனா கட்டச் சொல்கிறீர்கள். 🙂

---

எழுபத்துமூன்று

அதனால்தான் கம்பியைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். புயல் ஓய்ந்ததும் எது நிற்கிறதோ அதில் கட்ட வேண்டியது. மாட்டுக் கொட்டகைக் கம்பமும் முருங்கை மரமும் போதும். நான் சொன்ன செங்குத்து வேலைக்கு நாலைந்து மீட்டர் உயரமே போதுமானது. கிட்டத்து ஊர்களுக்கு உயரமாகக் கட்டினால் பலன் இல்லை.

---

சேர்வராயன்

அதுவும் நியாயம்தான். ஆனால் ஒரு ஹெச்எஃப் செட் என்ன விலை? புதுசு அரை லட்சத்தைத் தாண்டும். லைசென்ஸ் வந்த அன்றே இவர் எங்கே போவார்? எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கையில் ஏதாவது இருந்தால்தான் ஆர்வம் நிற்கும். ஆறு மாசம் "அப்பா சேர்த்து வைத்து வாங்குவார்" என்றால் அவன் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவான்.

---

மோர்ஸ்மீனா

இதில் நான் சேர்வராயன் பக்கம். ஹேண்டி வைத்துக்கொண்டு பையன் செய்ய நிறைய இருக்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. நாம் 145.990-ல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேசினால் அது 437.800-ல் திருப்பி அனுப்பும். இரண்டுமே நம் அனுமதிக்குள் அடங்குகிறது. தலைக்கு மேல் போனால் பத்து நிமிஷம் கிடைக்கும். அது ஓடிக்கொண்டே இருப்பதால் கேட்கும் அலைவரிசை நகரும். வரும்போது 437.810-ல் தொடங்கி, போகப்போக ஐந்து ஐந்து கிலோஹெர்ட்ஸாக 437.790-க்கு இறங்க வேண்டும். இந்த ஐந்து அலைவரிசைகளையும் ஐந்து சேனலாகப் போட்டுவைத்துக்கொண்டால் பையன் குமிழைத் திருப்பிக்கொண்டே வருவான். டெல்டா தட்டையாக இருப்பது இங்கே வசதி, அடிவானம் வரை திறந்த வானம். எல்லா நாளும் அதை இயக்கிவைக்க மாட்டார்கள், முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஹெச்எஃப்புக்கும் ஏழை வழி உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை செட்களைக் கையால் கட்டியவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். மருமகன் பாலிடெக்னிக் என்றால் சால்டரிங் கம்பி பிடிக்கத் தெரிந்திருக்கும். வாட் குறைவு, ஆனால் 40 மீட்டரில் காலை நேரத்தில் அதுவே பேசிவிடும்.

---

எழுபத்துமூன்று

அம்மா சொன்னது நடக்கிற காரியம். ஒத்துக்கொள்கிறேன். முதலில் ஹேண்டி, பக்கத்திலேயே பிட்எக்ஸ் வேலை.

---

கடைமடை

அப்படியே செய்கிறேன் ஐயா. ஹேண்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொள்கிறேன். வாங்கும்போது என்ன பார்ப்பது? மின்சாரம் வாரக்கணக்கில் இல்லை என்றால் எப்படி ஓட்டுவது?

---

கொக்கிக்கம்பி

சார்ஜிங்கிலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்கு அதுதான் முக்கியம். யுஎஸ்பி-சி நேரடியாக உள்ள செட் என்றால் சிக்கல் இல்லை. தனிச் சார்ஜர் தொட்டி வேண்டும் என்கிற செட் என்றால், 12 வோல்ட்டில் ஓடும் தொட்டியா என்று பாருங்க. யுவி-5ஆருக்கு பேட்டரி வடிவத்திலேயே ஒரு எலிமினேட்டர் கிடைக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அதைச் செருகி, வயரை டிராக்டர் பேட்டரியில் மாட்டினால் செட் ஓடும். பம்புசெட் கொட்டகையில் ஒரு சின்ன சோலார் பலகை இருந்தால் இன்னும் விசேஷம்.

அடுத்து ஆன்டெனா திருகு. இதில் புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் மாட்டுவார்கள். பாவோஃபெங்கில் செட்டின் தலையில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், ஆன்டெனாவில் ஓட்டை இருக்க வேண்டும். யேசுவில் தலைகீழ். இரண்டுக்கும் பெயர் எஸ்எம்ஏதான். படத்தைப் பார்த்து வாங்காமல், ஊசி எந்தப் பக்கம் என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்க.

மாடி ஆன்டெனாவுக்குக் கேபிள் இழுக்கும்போது ஆர்ஜி-58 என்ற மெலிசு கேபிளை 20 மீட்டர் போட்டால் 145-ல் பாதிக்கு மேல் பவர் கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். தடித்த கேபிள் போடுங்க, இல்லை செட்டை மாடிக்கே எடுத்துக்கொண்டு போங்க. ஹேண்டி என்று பெயர் வைத்ததே அதற்குத்தானே.

கேபிளே வேண்டாம், கையில் பிடித்தபடி கொஞ்சம் கூடத் தூரம் வேண்டும் என்றால் 49 சென்டிமீட்டர் வயர் ஒன்றை வெட்டி, ஒரு முனையின் இன்சுலேஷனைச் சீவி, ஆன்டெனா திருகின் வெளி உலோக வளையத்தில் பிடித்துத் தொங்கவிடுங்க. அது 2 மீட்டருக்குக் கால் அலை. ரப்பர் குச்சிக்குக் கீழே ஒரு வால் கிடைத்த மாதிரி. மற்றவருக்குக் கரகரவென்று கேட்ட குரல் தெளிந்துவிடும். நடு ஊசியில் மட்டும் வயர் தொடக் கூடாது.

செட்டில் ரிப்பீட்டரை வைப்பது, யுவி-5ஆர் என்றால் மெனு 25-ல் ஷிப்டுக்குக் கழித்தல் குறி, 26-ல் 000.600, 13-ல் டோன். 2 மீட்டரில் பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ் இறக்கம்தான், அதாவது ரிப்பீட்டரைக் கேட்கும் அலைவரிசைக்கு அவ்வளவு கீழே நாம் பேச வேண்டும். அமுக்கியும் ரிப்பீட்டர் திறக்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை டோன் தப்பாக இருக்கும்.

---

சேர்வராயன்

செட்டைக் கணினியோடு இணைக்கும் புரோகிராமிங் கேபிள் வாங்கும்போது மலிவுக் கேபிளில் போலி சிப் இருக்கும், விண்டோஸ் அதை ஏற்காது. எஃப்டிடிஐ சிப் உள்ளது என்று கேட்டு வாங்குங்க அண்ணே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும்.

---

கடைமடை

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். நானும் பையனும் மருமகனும் மூன்று பேரும் ரெஸ்ட்ரிக்டட் எழுதுகிறோம். எத்தனை நாளில் லைசென்ஸ் வரும்? கடைசியாக ஒன்று, கால்சைன் வந்ததும் இங்கே போடலாமா?

---

எழுபத்துமூன்று

சான்றிதழ் வந்த பிறகு லைசென்ஸுக்குக் காத்திருப்பு ஆளுக்கு ஆள் மாறும். மாதக்கணக்கில் ஆனாலும் சோர்ந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் முகவரியும் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பொருந்தட்டும். அப்பா பெயரின் இனிஷியல் முன்னால், பின்னால் என்று மாறியதற்கே திரும்பி வந்த விண்ணப்பங்கள் உண்டு.

கால்சைனை இங்கே போட வேண்டாம். அதை வைத்துப் பெயர், முகவரி வரை தேடி எடுத்துவிடலாம், அதிலும் பையனுடையது கூடவே கூடாது. காற்றில் சொல்லுங்கள், அங்கே சொல்லத்தான் கொடுக்கிறார்கள்.

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு லாக் நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், அலைவரிசை, எதிர் நிலையத்தின் கால்சைன், சிக்னல் ரிப்போர்ட். விதிப்படி வேண்டியது. காற்றில் தேங்காய் விலை பேசி வியாபாரம் முடிக்கக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, சங்கேத மொழியில் பேசக் கூடாது. அக்கா மகனோடு சாதாரணமாகத் தமிழில் பேசலாம், கால்சைனை மட்டும் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லிவிடுங்கள்.

---

மோர்ஸ்மீனா

தேர்வு தேதி வந்ததும் எழுதுங்கள் அண்ணா. முந்தின வாரம் ஒரு மாலை கூகுள் மீட்டில் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பழைய கேள்விகளைக் கேட்கிறேன். பையனிடம் இப்போதே சொல்லிவையுங்கள், முதல் கேள்வி க்யூஆர்எம்மா க்யூஆர்என்னா என்பதுதான்.

---

கடைமடை

சொல்லிவிட்டேன் அக்கா. "இடின்னா க்யூஆர்என், நீ பக்கத்துல சத்தமா போன் பேசினா க்யூஆர்எம்" என்கிறான்.